குறி நிற்கும் இடம்

வண்டியின் பின்கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது.

ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் தராசுக்காரரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். போன மழைக்காலத்தில் பூட்டிய வண்டி. அதற்குப் பிறகு அதன் கதவை யாரும் திறக்கவில்லை. சாவி அவருடைய தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி ஏற்றியிருந்தன. ஆள் ஏறாத வண்டியில் யார் மூச்சு விட்டுக் கண்ணாடி பனிக்கும்? விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே தேய்த்தால் போகுமா என்ன? கீச்சென்று ஒரு சத்தம் வந்ததுதான் மிச்சம். தகரக் கூரை, ஓயாத மழை, ஏதாவது இடுக்கு வழியாக ஈரம் ஏறியிருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. கடைத்தெருக்களில் அவர் தராசுக்காரர். ஊர் ஊராகப் போய்க் கடைகளில் உள்ள தராசுகளைப் பிரித்து, துடைத்து, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து வைப்பது அவருடைய தொழில். வண்டிக்குள் இரண்டு பக்கமும் அடுக்குப் பலகைகள், அவற்றில் எடைக்கற்கள், கடைசியில் ஒரு நீள இருக்கை. அதில் உட்கார்ந்து எடைக்கற்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டும், அவர் வண்டி ஓட்டும் அழகைக் குறை சொல்லிக்கொண்டும் மனைவி கூடவே வருவாள். அவளுக்கும் ஓட்டத் தெரியும். அவரைவிட நன்றாகவே ஓட்டுவாள், அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த நீள இருக்கையில்தான் அவள் இறந்து கிடந்தாள்.

"தூக்கத்துலயே நெஞ்சு நின்னுருக்கு. ஒரு கஷ்டமும் பட்டிருக்க மாட்டாங்க" என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தராசுக்காரர் இத்தனை மாதமும் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கடை கடையாக பஸ்ஸில் போய் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் அதையே சொன்னார். அவர்கள் திரும்ப அவரிடம் அதையே சொன்னார்கள். மகள் ராத்திரியில் அழுதால், கதவுக்கு வெளியே நின்று, "தூக்கத்துலயேதான்மா போனா" என்பார். அழுகை அடங்கும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பிடிமானம் கிடையாது.

மகள் எலும்பு முறிந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவள். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. நாளைக் காலை கிளம்ப வேண்டும். சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியிலேயே போகிறேன் என்று நின்றாள். முதலில் முடியவே முடியாது என்றவர், பிறகு இறங்கி வந்தார்.

"அந்த பாயிண்ட் இருக்கிற வரைக்கும் இந்த வண்டிய உன் கையில குடுக்க மாட்டேன்."

"அப்போ அத எடுத்துட்டுக் குடுங்க. யாரு வேணாம்னா?"

பாயிண்ட் என்பது வேறொன்றும் இல்லை, பழைய வண்டிகளில் எஞ்சின் சுற்றச் சுற்றத் தொட்டு விலகும் இரண்டு உலோகப் பொட்டுகள். விலகும்போதெல்லாம் பிளக்கில் ஒரு பொறி. பொட்டு தேய்ந்தால் வண்டி விக்கும். அன்றைக்கு மழையில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வண்டி விக்கியது. ஒரேயடியாக நின்றுவிடவில்லை, விக்கி விக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முள் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் தாங்காத மனிதருக்கு அந்த விக்கலைக் கேட்டுக்கொண்டு ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, மனைவியைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புதுப் பாயிண்ட் வாங்க நடந்தே போனார். திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை.

இப்போது பாயிண்டுக்குப் பதிலாக ஒரு கறுப்பு வில்லையும் ஒரு காந்த வளையமும் வாங்கி வந்திருந்தார். எலெக்ட்ரானிக் இக்னிஷன். தொடுவது கிடையாது, தேய்வது கிடையாது. மகள் போகிற வழியில் வண்டி விக்காது, நிற்காது. அவரால் மகளுக்குக் கொடுத்தனுப்ப முடிந்தது அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. ரெக்ஸின், பித்தளை பாலிஷ், பழைய பெட்ரோல், அவற்றுக்கெல்லாம் மேலே, தோள்வலிக்கு அவள் தடவிக்கொள்ளும் தைலம். பூட்டிக் கிடந்த வாசனை என்றால் மங்கிப்போயிருக்க வேண்டும். இது மூக்கில் சுரீரென்று ஏறியது. இப்போதுதான் மூடியைத் திறந்து யாரோ தேய்த்துக்கொண்டது மாதிரி. அவர் கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே ஏற மனசு வரவில்லை. பிறகு மகள் பின்னால் வருகிற காலடி கேட்டு, அழுதது தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

அந்த வண்டியில் எஞ்சின், முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். இடதுபக்க இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். அதற்கு அடியில்தான் பேட்டரி; செத்துக் கிடந்ததை எடுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றி வாங்கி வந்ததை வைத்தார். எஞ்சின் மூடியைத் தூக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டப்பாவான டிஸ்ட்ரிபியூட்டரின் தொப்பியைக் கழற்றினார். ரோட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கதவோரம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, வண்டி நம்ம ஷெட்டுக்குள்ளதான் நிக்குது. யாரு திருடிட்டுப் போகப் போறா?"

"பழக்கம்மா. கை தானாப் போவுது."

எங்கே வண்டியை விட்டு இறங்கினாலும் ரோட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் கட்டைவிரல் அளவுத் துண்டு அது. அது இல்லாவிட்டால் சாவியை எத்தனை முறை திருகினாலும் வண்டி கிளம்பாது. பூட்டை நம்பாத மனிதர். துணிக்குச் சோப்புப் போடும்போது சட்டைப் பையில் அந்தத் துண்டைக் கண்டுபிடித்து மனைவி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள்.

பழைய பாயிண்ட் கழன்று வந்தது. அன்றைக்கு அவர் வாங்கி வந்தது இதைத்தான். ஆம்புலன்ஸ் போன பிறகு, வண்டியைத் தள்ளிக் கிளப்பி வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக மாட்டியது. பொட்டுகள் புதிதாகவே பளபளத்தன. அதை ஷட்டருக்கு வெளியே, மழைக்குள் வீசினார். வில்லையைத் திருகி, காந்த வளையத்தை அழுத்தி, சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலில் அவற்றுக்குரிய முனைகளில் முடுக்கி, ரோட்டரையும் தொப்பியையும் பழையபடி வைத்தார். இனி டைமிங் பார்க்க வேண்டும். பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டுமோ அந்தக் கணத்தில் விழுகிறதா என்பதை விளக்கு வைத்துத்தான் பார்க்க முடியும். அதற்கு இருட்டு வேண்டும்.

புகை உள்ளே தங்கக் கூடாதென்று சைலென்சரில் ஒரு குழாயைச் செருகி அதன் நுனியை வெளியே விட்டார். ஷட்டரை அந்தக் குழாய் நசுங்காத அளவுக்கு இறக்கினார். மத்தியானம்தான், ஆனாலும் மேகம் மூடிய வானத்துக்கு அந்த ஷெட்டுக்குள் கொடுக்க வெளிச்சம் அதிகமில்லை. மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இந்த லைட்டு ஒரு ஏமாத்துக்காரன்" என்று கையிலிருந்த துப்பாக்கி மாதிரியான விளக்கைக் காட்டினார். "முதல் பிளக்குல பொறி விழுறப்பல்லாம் ஒரு மின்னு மின்னும். எஞ்சினோட சேர்ந்து சுத்துறது எல்லாம் அந்த வெளிச்சத்துல அசையாம நிக்கிற மாதிரி தெரியும். ஃபேன்கூட நிக்கும். நிக்குதேன்னு கையை வெச்சேன்னா விரல் போயிடும்."

"நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்? நீங்க ஜாக்கிரதையா இருங்க."

சாவியைத் திருகினாள். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் தூங்கிய எஞ்சின், ஒரு விக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. மகள் கைதட்டினாள். தராசுக்காரர் எஞ்சின் பக்கம் குனிந்தார். அன்றைக்கே இதை மாட்டியிருந்தால் என்று வந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு, விளக்கின் கவ்விகளைப் பேட்டரியில் மாட்டி, கீழே எஞ்சினோடு சுற்றும் புல்லிச் சக்கரத்தை நோக்கிப் பிடித்து, விசையை அழுத்தினார்.

படபடவென்று வெள்ளை வெளிச்சம். சுண்ணாம்பு தடவி வைத்திருந்த குறி, சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியில் அசையாமல் நின்றது. நிற்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதைக் கையால் மெல்லத் திருகினால் பொறி முன்னே பின்னே நகரும்; பொறியோடு வெளிச்சமும், வெளிச்சத்தோடு குறியும் நகரும். திருகினார். குறி நகர்ந்து வந்தது. திருகிக்கொண்டே இருந்தபோது, தலைக்கு நேரே இருந்த முன்கண்ணாடியில் ஏதோ தெரிந்தது.

இருட்டில் கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிட்டிருந்தது. வண்டியின் உள்பக்கம் முழுவதும் அதில் வெட்டி வெட்டித் தெரிந்தது. அடுக்குப் பலகைகள். எடைக்கற்கள். கடைசியில் நீள இருக்கை. இருக்கையில் போர்வை.

போர்வை இருக்கக் கூடாது. அதை மகள் அன்றைக்கே துவைத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

விசையிலிருந்து விரலை எடுத்தார். வெளிச்சம் நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தார். மங்கலான இருட்டில் வெறும் ரெக்ஸின் இருக்கை, நடுவில் கிழிசல், வேறொன்றுமில்லை. மறுபடி விசையை அழுத்தினார், இந்த முறை கண்ணாடியைப் பார்க்காமல் நேராகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு.

அவள் படுத்திருந்தாள்.

கழுத்துவரை போர்வை. ஒருக்களித்த முகம். கன்னத்துக்கு அடியில் கை. வீட்டிலும் அப்படித்தான் படுப்பாள். வெளிச்சம் படபடக்க, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அசையாமல் கிடந்தாள், அசையாமல் நிற்கும் ஃபேனைப் போல, அசையாமல் நிற்கும் குறியைப் போல. குனிந்து பார்த்தார். குறி நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது.

"என்னப்பா, சரியாயிடுச்சா?" மகள் ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

அவருக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது பயம் இல்லை. இத்தனை மாதம் கழித்து அவளைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான் மனசில் இருந்தது. கண்ணீர் தானாக வழிந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். கஷ்டப்படவே இல்லை. இந்த இடத்தில் பிடியின் போல்ட்டை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு, மகளுக்குச் சாப்பாடு போட்டு, நாளைக் காலை வழியனுப்பிவிடலாம்.

ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டின் தலையில் வைத்தார். வைத்த அசைவில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள்.

ஸ்பேனர் அப்படியே நின்றது. அவர் டிஸ்ட்ரிபியூட்டரை முன்னால் தள்ளினார். கண் மூடியது. இன்னும் முன்னால். போர்வையைக் கழுத்துக்கு இழுத்துக்கொள்ளும் கை. அது தூங்குவதற்கு முந்தைய கணம். அப்போதுதான் புரிந்தது. பொறியை முன்னால் தள்ளினால் முன்பு நடந்தது தெரிகிறது. பின்னால் தள்ளினால் பின்பு நடந்தது. அவள் அங்கே கிடக்கவில்லை. எஞ்சினோடு சேர்ந்து ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறாள். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, கண்ணுக்குத் தட்டுப்படாத வேகத்தில். வெளிச்சம் எந்தக் கணத்தில் விழுகிறதோ அந்தக் கணத்தில் நிற்கிறாள்.

குறியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். தூங்கினாள். முடுக்கிவிடு என்றது மனசு. முடுக்கு, போதும். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு தராசையும் மூடி வைத்துப் பழக்கமில்லாத கை அது. பின்னால் திருகியது.

கண் திறந்தது.

இன்னும் கொஞ்சம். முழங்கை ஊன்றி எழுந்திருந்தாள். எஞ்சினின் உறுமல் தணிந்தது. பொறி தாமதமானால் எஞ்சின் சோர்ந்துபோகும்.

"அப்பா, சத்தம் எறங்குதே. எரிச்சல் வாடையும் வருது."

"கொஞ்சம் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிம்மா. இதோ முடிஞ்சிரும்."

அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. திருகினார். போர்வை கீழே கிடந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சில். வாய் திறந்திருந்தது. திருகினார். அடுக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு எடைக்கற்கள் கீழே விழும் வழியில் அந்தரத்தில் நின்றன. அன்றைக்குத் தரையில் கிடந்த எடைக்கற்களைப் பார்த்து, வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கியதில் விழுந்திருக்கும் என்று எடுத்து வைத்தவர் அவர்தான். திருகினார். குனிந்து, முன்பக்கமாக, இருக்கைகளை நோக்கி வந்துகொண்டிருந்தாள். தைல வாசனை. இப்போது மிக அருகில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. டிரைவர் இருக்கையைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள்.

அவருக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. அவள் தூங்கவில்லை. நெஞ்சு வலித்து எழுந்திருக்கிறாள். வண்டி விக்கினாலும் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அதே சாலையில் நேராகப் போனால் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றும் தெரியும். ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முன்னால் வந்து சாவியைத் திருகியிருக்கிறாள். திரும்பத் திரும்பத் திருகியிருக்கிறாள். பொறியைப் பங்கிடுகிற துண்டு வண்டியில் இல்லை. அது கடை வாசலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை திறக்கட்டும் என்று டீ குடித்துக்கொண்டு நின்ற அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

திரும்பி வந்தபோது பேட்டரி செத்திருந்தது. "லைட்ட எரிய விட்டுட்டியா? ஒரு வேலைய ஒழுங்காச் செய்ய மாட்டியா?" என்று முன்னாலிருந்தே கத்தினார். பேட்டரி செத்ததும் அவள் போய்ப் பழையபடி படுத்திருக்கிறாள். போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். அவர் வந்து பார்த்தால் பயந்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ. செத்துக் கிடந்தவளைத்தான் அவர் திட்டினார். ஒரு தடவை இல்லை, பதில் வராததால் இரண்டாம் தடவையும்.

"அப்பா, ஏன் அழறீங்க? அப்பா!"

எஞ்சின் குலுங்கியது. சைலென்சர் டப்பென்று வெடித்தது. அவர் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கையை எடுத்தார். எடுத்துவிட்டார். இருந்தும் அது திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. பின்னால். யாரும் தொடாமல்.

எஞ்சின் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். ஃபேன் நின்றுவிட்டது, நிஜமாகவே. புல்லி நின்றுவிட்டது. பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் வெளிச்சம் இருக்க முடியாது.

விளக்கு மின்னியது.

ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. விசையை விட்டுவிட்டார். மறுபடி மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவள் நகர்ந்திருந்தாள். எஞ்சினுக்கு அந்தப் பக்கம். மகளின் இருக்கைக்குப் பின்னால். மகளின் தோளுக்கு மேலே அவளுடைய முகம், வியர்த்து, வெளுத்து, சாவியை மட்டும் பார்த்துக்கொண்டு.

"நின்னுருச்சுப்பா. திருப்பி ஸ்டார்ட் பண்ணவா?"

"வேணாம். சாவியத் தொடாதே. எறங்கு. பாப்பா, உடனே எறங்கு!"

"நான் தொடவே இல்லயேப்பா…"

விளக்கு மின்னியது. மகளின் கை சாவியின்மேல் இருந்தது. அந்தக் கையின்மேல் இன்னொரு கை.

ஸ்டார்ட்டர் சுற்றியது. பற்றவில்லை. சுற்றியது. பற்றவில்லை. அவர் விளக்கின் கவ்விகளைப் பேட்டரியிலிருந்து பிய்த்தார். பேட்டரியின் தடித்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, விரல் தோல் உரிய, கழற்றி எறிந்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது. கொஞ்சம் மெதுவாக. பேட்டரி இறங்க இறங்கச் சுற்றுமே, அப்படி. அன்றைக்கு ஆளில்லாத சாலையில் மழைக்கு மட்டும் கேட்ட சத்தம்.

"பாப்பா! அம்மாடி! என்னைப் பாரு!"

மகள் திரும்பவில்லை. அவளுடைய இடது கை மெல்ல எழுந்து தன் நெஞ்சைப் பிடித்தது. மூச்சு சிறிது சிறிதாக, கிழிந்து கிழிந்து வந்தது. அவர் எஞ்சினுக்கு மேலாகத் தாவி மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அது சில்லென்று இருந்தது. தைலம் வழுக்கியது. அசைக்க முடியவில்லை.

மகள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அப்பா என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

"ஏங்க…" என்றாள் சன்னமாக, சாவியைத் திருகிக்கொண்டே. "ஏங்க, வண்டி கெளம்ப மாட்டேங்குதுங்க. எங்க இருக்கீங்க?"

அவர் அவளுக்குப் பக்கத்திலேயே, கவ்விகள் காற்றில் தொங்கும் விளக்கோடு முட்டி போட்டு நின்றார். ஸ்டார்ட்டர் இன்னும் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு மின்னலிலும் ஒரே சாவியின்மேல் இரண்டு கைகள் தெரிந்தன, இரண்டு முகங்களிலும் வியர்வை அரும்பியிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளிருந்து பனித்துக்கொண்டு வந்தன.